பழைய சீட்டில் 'சைலோபஸ்' என்றிருந்தால் இப்போது என்ன பெயர் எழுதுவது?

கேள்வி: நரம்புக்கிளை

வணக்கம். ஒரு கல்லூரித் தொகுப்பில் உள்ள பழைய ஈக்களுக்குக் கணினிப் பட்டியல் தயாராகிறது. அதில் நெடுங்கால் ஈக்கள், அதாவது டோலிகோபோடிடே குடும்பம், மூன்று பெட்டி இருக்கின்றன. பெரும்பாலும் இலைமேல் உட்காரும் பச்சைப்பொன் நிற வகை. ஈ குத்திய ஊசியில் உள்ள சீட்டுகளில் சைலோபஸ், சயாபஸ், கிரைசோசோமா என்று மூன்று பேரினப் பெயர்கள் கலந்து கிடக்கின்றன. சைலோபஸ் செல்லாத பெயர், அதற்குப் பதிலாக வந்ததுதான் சயாபஸ் என்று படித்தேன். என் சந்தேகங்கள்:

ஒன்று, பட்டியலில் 'சைலோபஸ்' என்று வரும் இடத்தையெல்லாம் ஒரே தட்டில் 'சயாபஸ்' என்று மாற்றிவிடலாமா?

இரண்டு, பழைய நூல்களில் துணைக்குடும்பம் 'சைலோபோடினே' என்றும், புதியவற்றில் 'சயாபோடினே' என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

மூன்று, பெயரிட்டவர் பெயருக்கு எப்போது அடைப்புக்குறி, எப்போது வேண்டாம்? சிற்றினப் பெயரின் கடைசி அசை ஏன் நூலுக்கு நூல் மாறுகிறது?

நான்கு, சீட்டில் சிற்றினம் எழுதாமல் பேரினம் மட்டும் உள்ள ஈக்களை என்ன செய்வது?


பதில் 1: வகைமாதிரி

முதல் கேள்விக்கு நேரடி பதில்: வேண்டாம். இந்தக் குடும்பத்தின் பட்டியல்களில் மிகுதியாக நடக்கும் தவறே இதுதான். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் பிடிபட்டால் மற்ற கேள்விகள் பாதி தானே தீர்ந்துவிடும்.

யோஹான் வில்ஹெல்ம் மைகன் ஐரோப்பிய ஈக்களைப் பற்றி எழுதிய பெருநூலின் 4-ஆம் தொகுதியில், 1824-இல், சைலோபஸ் என்ற பேரினத்தை வைத்தார். கிரேக்கத்தில் 'வெறுங்கால்' என்று பொருள் வரும். ஆனால் அதே பெயரை அதே எழுத்துக்கூட்டலில் நேப்பிள்ஸ் இயற்கையாளர் ஜுசெப்பே சவேரியோ போலி 1795-லேயே ஒரு மெல்லுடலிக்கு வைத்துவிட்டிருந்தார். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி விலங்குலகம் முழுவதற்கும் ஒரு பேரினப் பெயர் ஒரு முறைதான். சிப்பி வேறு, ஈ வேறு, யாரும் குழம்பமாட்டார்கள் என்று வாதாட இடமில்லை. அந்தச் சிப்பிப் பெயரை இன்று யாரும் கையாள்கிறார்களா என்பதும் பொருட்டல்ல. விதிப்படி வெளியிடப்பட்ட பெயராக இருந்தால் போதும், பின்னால் வந்த ஈப் பெயரை அது அடைத்துவிடும். ஆகவே மைகனின் சைலோபஸ் இளைய ஹோமோனிம், அதாவது வேறோர் உயிருக்கு முன்பே வைத்த பெயரைப் பின்னால் மறுபடி வைத்தது. 1842-இல் ட்செல்லர் அதற்குப் பதிலாக சயாபஸ் என்ற பெயரைக் கொடுத்தார்.

இனிதான் முக்கியமான இடம். பதில்பெயர் எதை அப்படியே சுமந்து வருகிறது? பழைய பேரினத்தின் வகைமாதிரிச் சிற்றினத்தை, அதாவது அந்தப் பேரினப் பெயர் எதன்மேல் நிற்கிறதோ அந்த ஒரு சிற்றினத்தை. அதை மட்டும்தான். சைலோபஸின் வகைமாதிரி, பாப்ரிஸியஸ் 1805-இல் பெயரிட்ட பிளாட்டிப்டெரஸ் என்ற ஐரோப்பிய ஈ. சயாபஸுக்கும் அதுவே. அந்த ஈ எந்தப் பேரினத்தில் நிற்கிறதோ அங்கேதான் சயாபஸ் என்ற பெயரும் நிற்கும். சைலோபஸுக்குள் யார் யாரோ பின்னால் கொண்டுவந்து போட்ட மற்ற நூற்றுக்கணக்கான சிற்றினங்களை அந்தப் பெயர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வராது.

19-ஆம் நூற்றாண்டில் 'சைலோபஸ்' ஒரு பொதுச் சாக்காக இருந்தது. இறகில் மீடியா என்ற நடு நரம்பு இரண்டாகக் கவடுபட்டு, உச்சந்தலை குழிந்து, உடல் பளபளத்தால் போதும். அமெரிக்காவோ ஜாவாவோ, அந்த ஈ சைலோபஸில் போய் விழுந்தது. மெக்கார், வாக்கர், டோலஷால், பிகோ எல்லாரும் அப்படியே பெயரிட்டார்கள். அதற்குள் வேறு பேரினப் பெயர்களும் உருவாகியிருந்தன: கெரேன்-மேன்வில் 1831-இல் கிரைசோசோமா, பிகோ 1859-இல் கண்டிலோஸ்டைலஸ், 1888-இல் ஆம்ப்ளிசைலோபஸ். ஆனால் எந்தச் சிற்றினம் எங்கே சேரும் என்று முறையாகப் பிரித்து முடிக்க வெகுகாலம் பிடித்தது. பெக்கர் 1922-இல் இந்திய-ஆஸ்திரேலியப் பகுதியின் நெடுங்கால் ஈக்களைத் தொகுத்தார். 1994-இல் டேனியல் பிக்கல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் சயாபோடினே துணைக்குடும்பத்தை உலக அளவில் சீரமைத்தார். இப்போது நாம் கையாளும் பேரின எல்லைகள் பெருமளவு அந்த வேலையிலிருந்து வருபவை. அதன் பிறகு சயாபஸ் என்பது முதன்மையாக ஐரோப்பா, வட ஆசியப் பக்கத்துப் பேரினம். வட அமெரிக்காவில் கொஞ்சம் உண்டு. நம் பக்கத்து வெப்பமண்டலத்தில் பழையவர்கள் சயாபஸ் என்று எழுதியவை பெரும்பாலும் ஆம்ப்ளிசைலோபஸ், கிரைசோசோமா போன்றவற்றுக்குப் போய்விட்டன.

ஓர் உதாரணம். தாமஸ் சே 1823-இல் வட அமெரிக்காவிலிருந்து டோலிகோபஸ் சைஃபோ என்று ஓர் ஈயைப் பெயரிட்டார். பிறகு லோவ் போன்றவர்கள் அதை சைலோபஸ் சைஃபோ என்றார்கள். இன்று அது கண்டிலோஸ்டைலஸ் சைஃபோ. உங்கள் 'ஒரே தட்டு' மாற்றத்தில் இது சயாபஸ் சைஃபோ என்று ஆகிவிடும். அப்புறம் அந்தப் பட்டியலை யாராவது பெரிய தரவுத்தளத்தில் ஏற்றினால், அந்தப் பிழையைப் பிடுங்கி எடுக்க ஆண்டுக்கணக்காகும்.

ஆகவே பேரினத்தை மாற்றாதீர்கள். ஒவ்வொரு சிற்றினத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். முதலில் சீட்டில் உள்ளதை எழுத்து பிசகாமல் ஒரு பத்தியில் ஏற்றுங்கள். அடுத்த பத்தியில் முதன்முதலில் பெயரிட்டபோது இருந்த பேரினம், சிற்றினம், ஆசிரியர், ஆண்டு. மூன்றாவதில் இன்றைய பேரினம். நான்காவதில் அந்த மாற்றத்தை எந்த வெளியீட்டில் பார்த்தீர்கள் என்பது. இரண்டாவது பத்திக்கு சிஸ்டமா டிப்டெரோரம் என்ற ஈப் பெயர்களின் தரவுத்தளம் உதவும். தேடும்போது பேரினத்தை விட்டுவிட்டு சிற்றினப் பெயரின் முதல் ஐந்தாறு எழுத்தும் ஆசிரியர் பெயரும் மட்டும் கொடுங்கள், ஏனென்றால் கடைசி அசை மாறியிருக்கும். இன்னொன்று: சில பழைய நூல்களில் சயாபஸ் ஓர் எழுத்து மாறி 'சயோபஸ்' என்று அச்சாகியிருக்கும். அது வேறு பேரினம் அல்ல, எழுத்துக்கூட்டல் வேறுபாடுதான்.

துணைக்குடும்பப் பெயர்: ஆம், பேசப்படும் கூட்டம் ஒன்றே. குடும்பநிலைப் பெயர் ஒன்று இளைய ஹோமோனிமான பேரினத்தின் மேல் கட்டப்பட்டிருந்தால் அதுவும் செல்லாது. விதி 39 அதைத்தான் சொல்கிறது. ஆகவே சைலோபோடினே போய், பெக்கர் 1917-இல் சயாபஸை வைத்துக் கட்டிய சயாபோடினே நிற்கிறது. இதை விதி 40-உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடிப்படைப் பேரினம் சினோனிம் ஆனதென்றால், 1960-க்குப் பின் அந்தக் காரணத்துக்காகக் குடும்பப் பெயரை மாற்றக்கூடாது என்பது விதி 40. சினோனிம் வேறு, ஹோமோனிம் வேறு. முன்னது ஒரே உயிருக்கு இரண்டு பெயர். பின்னது ஒரே பெயரை இரண்டு உயிருக்கு வைத்தது.


பதில் 2: ஈற்றசை

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடைப்புக்குறி விதி எளிது. சிற்றினத்தை முதலில் வைத்த அதே பேரினத்தில் இன்றும் இருந்தால் ஆசிரியர் பெயருக்கு அடைப்புக்குறி கிடையாது. வேறு பேரினத்துக்குப் போயிருந்தால் ஆசிரியரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள். டோலிகோபஸ் பாப்புலாரிஸ் வீடமன், 1817 என்பதில் குறி இல்லை, ஏனென்றால் அது பிறந்ததே டோலிகோபஸில். கண்டிலோஸ்டைலஸ் சைஃபோ (சே, 1823) என்பதில் குறி உண்டு. யார் மாற்றினார் என்பதை விலங்கியலில் பெயரோடு எழுதுவதில்லை. அது தாவரவியல் வழக்கம். பலர் அங்கே பழகிவிட்டு இங்கேயும் இரண்டு பெயர் எழுதுகிறார்கள்.

பேரினப் பெயரே பதிலீடு ஆனால்? மைகன் சைலோபஸில் வைத்த ஒரு சிற்றினம் இன்று சயாபஸில் இருந்தால் அடைப்புக்குறி போட வேண்டுமா என்று அடிக்கடி கேட்பார்கள். போட வேண்டும். பிறந்தபோது அது நின்ற பேரினப் பெயர் வேறு, இன்று நிற்பது வேறு.

ஈற்றசை: லத்தீன் அடைச்சொல் தன் பேரினத்தின் பாலோடு இணங்க வேண்டும். நம் மொழியில் 'அவன் வந்தான், அது வந்தது' என்று வினை ஈறு மாறுவதுபோல அங்கே அடைச்சொல்லின் ஈறு மாறும். லின்னேயஸ் 1767-இல் மஸ்கா நோபிலிடாட்டா என்றார். மஸ்கா பெண்பால். மிக் 1878-இல் உருவாக்கிய போசிலோபோத்ரஸ் ஆண்பால். ஆகவே இன்று போசிலோபோத்ரஸ் நோபிலிடாட்டஸ். அதே வழியில் மஸ்கா உங்குலாட்டா, டோலிகோபஸ் உங்குலாட்டஸ் ஆனது.

உங்கள் பெட்டிக்கு வேண்டியவை இவ்வளவுதான். கிரேக்க 'போவ்ஸ்' (கால்) ஆண்பால். ஆகவே டோலிகோபஸ், சயாபஸ், ஆம்ப்ளிசைலோபஸ் மூன்றும் ஆண்பால். கண்டிலோஸ்டைலஸும் ஆண்பால். 'சோமா' (உடல்) அலிப்பால், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால்; ஆகவே கிரைசோசோமாவில் அடைச்சொல் அலிப்பால் ஈறு எடுக்கும். 'ஆ' என்று முடிகிறதே என்று பெண்பால் ஈறு போடுவதுதான் கிரைசோசோமா பட்டியல்களில் ஓயாமல் வரும் பிழை. 'அஸ்' என்று முடியும் ஒன்றை ஆம்ப்ளிசைலோபஸிலிருந்து கிரைசோசோமாவுக்கு மாற்றினால் 'அம்' ஆக வேண்டும், 'ஆ' அல்ல. 'இஸ்' என்று முடிவது ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. அலிப்பாலில் 'எ' ஆகும்.

பெயர்ச்சொல்லாக நிற்பவை அசையாது. கிரைசோசோமா லூகோபோகான் என்பதில் 'போகான்' தாடி என்ற பெயர்ச்சொல். அது எந்தப் பேரினத்துக்குப் போனாலும் அப்படியேதான் இருக்கும். ஆள் பெயரிலிருந்து வந்தவையும் அப்படித்தான்.

குடும்பப் பெயரில் திடீரென ஒரு 'ட்' எங்கிருந்து வந்தது என்றால், 'போவ்ஸ்' வேற்றுமை ஏற்கும்போது 'போடோஸ்' ஆகும். அந்த அடியிலிருந்துதான் டோலிகோபோடிடே, சயாபோடினே. 'டோலிகோபிடே' என்று சீட்டில் பார்த்தால் அது பிழை அல்லது வெகு பழைய வழக்கு.

சைலோபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஃபாலன் 1823-இல் வைத்த சைலோபா வேறொரு குடும்பம், எஃபிட்ரிடே. இரு பேரினப் பெயர்களுக்கிடையே ஓர் எழுத்து வேறுபட்டாலே அவை ஹோமோனிம் ஆகாது. ஆகவே இந்த ஒற்றுமையால் எந்தப் பெயரும் விழவில்லை. ஆனால் மங்கிய மையில் கையால் எழுதிய சீட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கால் குட்டையாக, நரம்பு கவடுபடாமல், சிறு கறுப்பு ஈயாக இருந்தால் சீட்டை மறுபடி வாசியுங்கள்.


பதில் 3: குழிந்த உச்சி

பெயர் பக்கம் சரியாக வந்துவிட்டது. நான்காவது கேள்வி, ஈயைப் பார்த்துத் தீர்மானிப்பது.

முதலில் துணைக்குடும்பம். ஈயின் தலையை முன்னிருந்து, ஒளியைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். சயாபோடினேயில் உச்சந்தலை இரு கண்களுக்கும் நடுவே நன்றாகத் தாழ்ந்திருக்கும். கண்கள் இரண்டும் இரு குன்றுபோலவும், தனிக்கண் மேடு (உச்சியில் உள்ள சிறு தனிக்கண்கள் நிற்கும் மேடு) நடுப்பள்ளத்தில் எழுந்ததுபோலவும் தெரியும். இறகில் மீடியா நரம்பு கவடுபட்டு, மேல்கிளை வளைந்து மேலே உள்ள நரம்பை நோக்கி ஏறும். கவடு இல்லையென்றால் உடனே வெளியே தள்ள வேண்டாம். மெசோரகா என்ற பேரினத்தில் கீழ்க்கிளை கிடையாது. கவடும் இல்லை, உச்சியும் குழியவில்லை, பின்காலின் முதல் பாதக்கணுவின் மேல்புறம் தடித்த முட்கள் உண்டு என்றால் அது டோலிகோபஸ். அந்த முள் இல்லாதது ஹெர்கோஸ்டோமஸ் பக்கம் போகும்.

சயாபோடினேக்குள் பார்க்க வேண்டியவை: உணர்கொம்பின் அரிஸ்டா (மயிர் போன்ற நீட்சி) மூன்றாம் கணுவின் நுனியிலிருந்து புறப்படுகிறதா, மேல்புறத்திலிருந்தா. கிரைசோசோமாவில் நுனி அல்லது நுனிக்கு மிக அருகே, அந்தக் கணுவும் நீண்டு கூம்பியிருக்கும். ஆம்ப்ளிசைலோபஸில் பெரும்பாலும் மேல்புறம். உச்சிமுள் ஆணில் திடமாக நிற்கிறதா, மென்மயிராகக் குறைந்துவிட்டதா. இறகின் பின் குறுக்கு நரம்பு நேராக இருக்கிறதா, பாம்புபோல நெளிகிறதா. நெளிவு கண்டிலோஸ்டைலஸுக்கு ஒரு நல்ல குறிப்பு. இதில் எந்த ஒன்றையும் தனியாக நம்பாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து ஒரே திசையைக் காட்டினால்தான் பேரினம் எழுதுங்கள். இல்லையென்றால் 'சயாபோடினே' என்று நிறுத்துவது நேர்மையான அடையாளம்.

இணையத்தில் பச்சை ஈ படம் போட்டாலே 'கண்டிலோஸ்டைலஸ்' என்று எழுதுகிறார்களே, அதைப் பின்பற்ற வேண்டாம். அந்தப் பேரினத்தின் பெரும்பங்கு அமெரிக்கக் கண்டங்களில்தான் இருக்கிறது. வட அமெரிக்காவில் தோட்டத்து இலைமேல் எடுத்த படங்களே இணையத்தில் மிகுதி. அதைப் பார்த்துப் பழகிய கண் ஆசியாவிலும் அதையே காண்கிறது. பச்சை நிறமும் இறகுப் பட்டையும் துணைக்குடும்பம் முழுக்க உண்டு.

சிற்றினத்துக்கு ஆண் ஈ வேண்டும். ஆணின் பிறப்புறுப்பு வயிற்றின் அடியில் முன்னோக்கி மடிந்து கிடக்கும். படங்கள் பெரும்பாலும் இடப்பக்கமிருந்து வரையப்படும், நீங்களும் அதே பக்கத்தை வையுங்கள். காய்ந்த ஈ என்றால்:

முதலில் உறுப்பின் மயிர் நிறம், செர்கஸின் (வயிற்று நுனியில் உள்ள இணை உறுப்பின்) நிறம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்து இடும் காரக் கரைசல் நிறத்தைக் கொண்டுபோய்விடும். வயிற்றின் நுனியை நுண் ஊசியால் பிரித்து 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இடுங்கள். அறை வெப்பத்தில் ஓர் இரவு. அவசரமானால் சிறு குப்பியைச் சுடுநீரில் நிறுத்தி 5 முதல் 15 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து. நேரடித் தீயில் கொதிக்க வைத்தால் கரைசல் பொங்கி உறுப்பைத் தூக்கி எறியும். கூடுதல் நேரம் விட்டால் சவ்வு கரைந்து, தகடுகள் பிரிந்து, முட்கள் உதிரும். அதன்பின் எந்தப் படத்தோடும் ஒப்பிட முடியாது. பிறகு நீரில் அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் சில நிமிடம், கடைசியாகக் குழிவுக் கண்ணாடியில் கிளிசரின். மேலே கவர்கிளாஸ் வேண்டாம். அது அழுத்தினால் செர்கஸ் விரிந்து வேறு வடிவம் காட்டும். பார்த்து முடித்ததும் கிளிசரின் இட்ட நுண்குப்பியில் போட்டு, ஈ குத்தியிருக்கும் அதே ஊசியின் கீழே குத்துங்கள். டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் காரத்துக்கு முன்பே ஒரு காலை எடுத்து வைத்துவிட வேண்டும்.

புதிதாகப் பிடிப்பவற்றை நேரே காயவிடாதீர்கள். இவை மெல்லுடல் ஈக்கள். காற்றில் காய்ந்தால் முகமும் உணர்கொம்பின் அடியும் உள்வாங்கி, மேலே சொன்ன உச்சிக்குழிவே பார்க்க முடியாமல் போகும். 70 முதல் 80% எத்தனாலில் வையுங்கள், டிஎன்ஏவுக்கு 95%. எத்தனாலில் உலோகப் பச்சை நாளடைவில் சாயல் மாறும், அதனால் நிறத்தைப் பிடித்த அன்றே எழுதிவிடுவது நல்லது.

பெண் ஈக்கள் பெரும்பாலும் பேரினத்தோடு நின்றுவிடும். அடையாளத்துக்கான கால் அணிகலன்கள், பாதக்கணுத் தட்டை, உணர்கொம்பு நீட்சி எல்லாம் ஆணிடம்தான்.


நரம்புக்கிளை:

மிக்க நன்றி. ஒரு சிக்கல் வந்திருக்கிறது. சைலோபஸில் இரு ஆசிரியர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே சிற்றினப் பெயரை வைத்திருக்கிறார்கள். இப்போது ஒன்று கிரைசோசோமா, மற்றது கண்டிலோஸ்டைலஸ். பேரினம் வேறு வேறாகிவிட்டதால் இரண்டு பெயரும் செல்லும் அல்லவா? இன்னொன்று: பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதியது குத்தலாமா?


வகைமாதிரி:

செல்லாது, ஒரு விலக்கோடு. பிறக்கும்போதே ஒரே பேரினத்தில் ஒரே பெயரோடு பிறந்தவை முதல்நிலை ஹோமோனிம். அதில் இளையது நிரந்தரமாகச் செல்லாது, பின்னால் எங்கே குடிபோனாலும். சைலோபஸ் என்ற பேரினப் பெயரே விழுந்துபோனதாலும் இது மாறாது. விலக்கு: 1899-க்குப் பிறகு இரண்டையும் யாரும் ஒரே பேரினத்தில் வைக்கவில்லை என்றால், விதி 23.9.5-இன்படி பெயரைத் தானாக மாற்றாமல் பெயரிடல் ஆணையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை நடப்புப் பெயரே தொடரும். பட்டியல் போடுபவர் புதுப்பெயர் வைக்கத் தேவையில்லை. தரவுத்தளத்தில் பதில்பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எழுதி, பழையதைப் பக்கத்தில் வையுங்கள்.


குழிந்த உச்சி:

சீட்டை எடுக்கவே கூடாது. பழைய சீட்டு எழுத்துப் பிழையோடு இருந்தாலும் அதுதான் அந்த ஈயின் பிறப்புச் சான்று. அந்தக் கையெழுத்தையும் தாளையும் வைத்தே, ஒரு பெயருக்கு அடிப்படையான வகைமாதிரி ஈயைக் கண்டுபிடித்த சந்தர்ப்பங்கள் உண்டு. பழைய சீட்டுகள் இருந்த வரிசையிலேயே இருக்கட்டும். கடைசியாக, எல்லாவற்றுக்கும் கீழே, உங்கள் அடையாளச் சீட்டு: பேரினம், சிற்றினம், ஆசிரியர், ஆணா பெண்ணா, யார் பார்த்தது, எந்த ஆண்டு. அமிலமில்லாத தாள், நீரிலும் எத்தனாலிலும் கரையாத மை. ஊசியில் இடம் போதவில்லை என்றால் சீட்டின் அகலத்தைக் குறையுங்கள், எழுத்தைக் குறைக்காதீர்கள்.